ஒன்றரை ஆள்

ஆணையில் அது ஒரே வரி.
அதன் பெயரும் வரிதான்.
உருக்குக் கம்பிச் சுருள், நூற்றுக்கு இருபத்தைந்து,
வெள்ளி நள்ளிரவு கடந்த முதல் நிமிடத்திலிருந்து.

எங்கள் முந்நூறு டன் அப்போது
தண்ணீரில் இருந்தது.
ஆன்ட்வெர்ப்பில் ஏற்றும்போது ஒரு விலை,
மிதக்கும்போதே இன்னொரு விலை ஆகிவிடுமா
என்று கேட்டார் முதலாளி ப்ரென்னெக்கே.
ஆகும் என்றேன்.
நான் கணக்கு எழுதுகிறவள்,
ஆறுதல் எழுதுகிறவள் அல்ல.

அந்த வாரம் முழுக்கக் கப்பலைத்தான் பார்த்தோம்.
திரையில் ஒரு பச்சை முக்கோணம்.
வெல்டிங் மேடையிலிருந்து கையுறையைக் கழற்றாமலே
ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்,
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி.
ஒன்டாரியோ ஏரியைத் தாண்டியது.
வெல்லண்ட் கால்வாயின் மூன்றாவது மதகில்
மூடுபனி.
பதினோரு மணி நேரம் முக்கோணம் அசையவில்லை.

மில்வாக்கித் துறையில் கயிறு கட்டியபோது
சனிக்கிழமை காலை ஏழு இருபது.
வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது.
அதுதான் எரிச்சல்.

சரக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலர்.
வரி அறுபதாயிரம்.
அடுப்புக்குள் வைக்கும் கம்பித் தட்டு செய்கிறோம் நாங்கள்,
ஒரு தட்டுக்கு எங்களுக்கு நிற்பது முப்பத்தொரு சென்ட்.
அடுப்புக் கம்பெனியிடம் விலையை ஏற்றிக் கேட்டோம்.
வெளியிலிருந்து தட்டாகவே வந்தால் வரி இல்லையே,
கம்பிக்குத்தானே வரி,
என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.
அறுபதாயிரத்தை எப்படிப் பிரித்து எழுதினாலும்
ஒன்றரை ஆள் என்றே வந்தது.

அதே மாதம் ஏரிக்குத் தெற்கே, இண்டியானாவில்,
ஆறு வருடம் குளிர்ந்து கிடந்த உலையை மூட்டினார்கள்.
என் தம்பி கென்ட்டை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள்.
ஒரு செனட்டர், விலைச்சீட்டு கிழிக்காத தலைக்கவசத்தோடு,
முந்நூறு வேலை என்றார்.
அவர் சொன்னது பொய்யில்லை.
கென்ட் அழுததை டிவியில் காட்டினார்கள்.
அப்பாவின் சவப்பெட்டி முன்னால்கூட அவன் அழுததில்லை.
நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.
அதையும் எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் ஒன்றரை ஆளுக்குக் கேமரா வரவில்லை.
அரை ஆளை எந்தக் கோணத்தில் எடுப்பது?

ஒன்று, தெல்மா கோபெட்ஸ்கி. இருபத்திரண்டு வருடம்.
லாக்கரிலிருந்த கரண்டி, குடை, ஒற்றைச் சாக்ஸ்
எல்லாவற்றையும் தட்டு அடுக்கும் பெட்டியொன்றில் போட்டாள்.
காரின் பின்னால் ஒட்டியிருந்த தேர்தல் ஸ்டிக்கரை
நின்றபடியே நகத்தால் சுரண்டினாள்.
பாதி வந்தது.
மீதியோடு வீட்டுக்குப் போனாள்.

அரை, நான்.
இனி வாரத்துக்கு இருபது மணி நேரம்.
அந்தக் கடிதத்தையும் நானேதான் டைப் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கென்ட் வந்தான்,
முதல் சம்பளத்தில் வாங்கிய பன்றித் தொடையோடு.
அடுப்பைத் திறந்து தட்டை இழுத்தவன்
இது உங்கள் தட்டா என்றான்.
எங்கள் தட்டு.
அப்படியானால் இனி எங்கள் கம்பியை வாங்குங்களேன்.

வாங்கலாம், கென்ட்.
வரி விழுந்த திங்கட்கிழமையே
உங்கள் ஆலையும் விலையை ஏற்றிவிட்டது,
கப்பலில் வருவதைவிட டன்னுக்கு
ஒரே ஒரு டாலர் குறைவாக.

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.
அந்த விலைக்குள்தான் அவன் சம்பளம் இருந்தது,
அவன் பெண்ணின் பல் கம்பியும்.
இருவருக்கும் தெரியும்.
ஒருவர் பிழைப்புக்கு உலை மூட்டினால்
இன்னொருவர் பிழைப்புக்கு உலை வைத்ததாகுமா?
அதற்கு என் பேரேட்டில் பத்தி இல்லை.
வெந்துவிட்டதா பார் என்றேன்.

கிளம்பும்போது
எலும்போடிருந்த பெரிய பாதியை
அலுமினியத் தாளில் சுற்றி
என் பக்கம் தள்ளினான்.

அலுமினியத்துக்கும் வரி உண்டு.
நான் சொல்லவில்லை.